எது அத்தியாவசியம்? யார் அநாவசியம்?

2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாடெங்கும் 144 தடை உத்தரவு அமுலுக்கு வந்தது. அன்று நடுநிசி முதல் இந்தியா முழுமைக்கும் 21 நாள் ஊரடங்கு என்று பிரதம மந்திரியும் அறிவித்தார். இந்த உத்தரவுகளோடு கூடவே ஒரு ஜாபிதாவும் வந்தது. பால், மளிகை, காய்கறி, மருந்து, ரேஷன், பெட்ரோல், பாங்கி, பத்திரிகை, மின்சாரம், தண்ணீர், துப்புரவு ஆகியவை அத்தியாவசியம். மற்றவை அத்தியாவசியமல்ல என்பது அதன் சாரம். ஆகவே, பிறப்பினால் ஏற்படுத்தப்பட்டிருக்கிற ஜாதிகள் போதாவென்று, ஒரே இரவில் நாட்டிலுள்ள தொழில்கள் அத்தனையும் இரண்டு புது ஜாதியாகப் பிரிக்கப்பட்டன. எந்த மனுவைக் கொண்டு பிரித்தார்கள் என்பதுதான் நம்முடைய கேள்வி.

நாம் ஊரடங்கே கூடாது என்று சொல்ல வரவில்லை. கொரோனா என்பது மாரியம்மன் கோபமுமல்ல, கிரக தோஷமுமல்ல. ஒருவர் விடுகிற மூச்சை மற்றவர் வாங்குவதால் பரவுகிற ஒரு கிருமி நோய். மருந்தும் ஊசியும் இல்லாத காலத்தில் கூட்டத்தைக் கலைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாய் மூடவும் முடியாது. ஆகையால் ஏதோ ஒரு ஜாபிதா வேண்டியதுதான் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அந்த ஜாபிதாவைத் தயாரித்தவர்கள் எந்த அளவுகோலை வைத்து அளந்தார்கள் என்று கேட்க நமக்குப் பாத்தியமில்லையா?

வாசகர்கள் சில தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். அந்த 2020-ம் வருஷத்திலே, நமது தமிழ்நாட்டில், சென்னை நீங்கலான இடங்களில், டாஸ்மாக் மதுக்கடை திறந்தது மே மாதம் 7-ந் தேதி. டீக்கடையில் பார்சல் மாத்திரம் கொடுக்கலாம் என்று உத்தரவானது மே 11. கிராமத்திலே முடிதிருத்தும் கடை திறக்க அனுமதியானது மே 19. வருஷத்துக்குப் பதினாயிரம் ரூபாய்க்குக் குறைவான வருமானமுள்ள கிராமக் கோவில்கள் திறந்தது ஜூலை 1. பெரிய கோவில்களும் மற்ற மதத்தார் கூடுமிடங்களும் செப்டம்பர் 1. அதாவது, சர்க்காருடைய கணக்கில் பிராந்திக்கு அப்புறம் டீ. டீக்கு அப்புறம் க்ஷவரம். க்ஷவரத்துக்கு அப்புறம் தெய்வம்!

கடைசியில் சொன்னதைப் பற்றி நாம் அதிகம் எழுதப் போவதில்லை. 5 மாத காலம் பக்தர்கள் உள்ளே போகாமலே சூரியன் உதித்ததையும் நாற்று வளர்ந்ததையும் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்ததையும் எல்லோரும் கண்ணால் பார்த்தாய்விட்டது. கும்பல் கூடினால் நோய் பரவும் என்று கோவிலையும் மசூதியையும் சர்ச்சையும் ஒருங்கே பூட்டிய காரியம் நியாயமான காரியமே. நமக்கு வியப்பளிப்பது முதலில் சொன்னதுதான்.

அந்த மே 7-ந் தேதி ஒரே நாளில் சுமார் 170 கோடி ரூபாய்க்கு மது விற்றதாகப் பத்திரிகைகள் எழுதின. வெயிலில் வரிசை, வரிசையில் தள்ளுமுள்ளு, முகக்கவசம் பாதிப்பேருக்குக் கழுத்தில். மறுநாளே, மே 8-ந் தேதி, சென்னை ஹைக்கோர்ட்டார் கடைகளை மூடச் சொன்னார்கள். சர்க்கார் சும்மா இருந்ததா? டில்லிக்கு ஓடி, சுப்ரீம் கோர்ட்டில் மே 15-ந் தேதி தடையுத்தரவு வாங்கிக் கொண்டு, 16-ந் தேதி மறுபடியும் கடையைத் திறந்துவிட்டது. பட்டினியாய்க் கிடந்த எந்தத் தொழிலாளிக்காவது இவ்வளவு வேகமாய் ஒரு சர்க்கார் டில்லிக்கு ஓடியதுண்டா? டாஸ்மாக் மூலம் 2019-20-ல் கஜானாவுக்கு வந்தது ஏறக்குறைய 33,000 கோடி ரூபாய். ஆகவே மது குடிப்பவனுக்கு அத்தியாவசியமோ இல்லையோ, விற்பவனுக்கு அத்தியாவசியம் என்பது வெளியாயிற்று. “குடிப் பழக்கமுள்ளவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், ஜன்னி காணும், உயிருக்கும் ஆபத்து” என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். வாஸ்தவம். ஆனால் அது வியாதி. வியாதிக்கு ஆஸ்பத்திரியும் மருந்தும் உண்டு. ஆயிரம் பேரை வெயிலில் நிறுத்திக் குவார்ட்டர் விற்பது எந்த வைத்திய சாஸ்திரத்தில் இருக்கிறது?

சர்க்கார் பை இப்படியென்றால், முதலாளி பை எப்படி என்பதற்கு மறு வருஷம் நடந்ததைக் கவனிக்கலாம். 2021 மே மாதத்தில் இரண்டாம் அலை. அப்போது சர்க்கார் மாறிவிட்டது; ஜாபிதாவின் குணம் மாறவில்லை. மே 24-ந் தேதி முதல் ஒரு வாரம் மளிகைக் கடைகூடத் திறக்கக்கூடாது, காய்கறி வண்டியில் வந்தால் வாங்கிக்கொள் என்று உத்தரவு. அரிசி பருப்பு விற்கிற கடை மூடியிருந்த அதே காலத்தில், தொடர் உற்பத்தித் தொழிற்சாலைகளுக்கு விலக்கு என்று கொடுக்கப்பட்ட சலுகை நாளில், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து மோட்டார் ஆலைகளும் ஓடிக்கொண்டிருந்தன.

தொடர் உற்பத்தி என்றால் என்னவென்று சற்று நிதானமாக யோசிப்போம். நம்முடைய கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கும் உலைகள் இருக்கின்றன. உலை நிறைய உருக்கு கொதித்துக் கொண்டிருக்கும் சமயத்தில் மின்சாரத்தை நிறுத்தினால் உருக்கு உள்ளேயே உறைந்துபோகும். உலையின் உட்பூச்சு வெடித்துப் போகும். அதைக்கூட, கடைசி வார்ப்பு முடித்து, காலி செய்து, முறையாக நிறுத்தலாம். கண்ணாடி உலையும் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையும் அப்படி நினைத்தபோது நிறுத்தக் கூடியவையல்ல. இது நியாயமான காரணம், ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் காருக்குப் போல்ட்டு முடுக்குவது எப்படித் தொடர் உற்பத்தியாகும்? சனிக்கிழமை நிறுத்தித் திங்கட்கிழமை தொடங்குகிற பட்டறைதானே அது? ஒரு வாரம் கார் வெளிவராவிட்டால் யாருடைய மூச்சு நின்றுவிடும்?

இந்தக் கேள்வியை எந்த மந்திரியும் கேட்கவில்லை. எந்தப் பெரிய பத்திரிகைத் தலையங்கமும் முதலில் கேட்கவில்லை. கேட்டவர்கள் அந்த ஆலைத் தொழிலாளிகளே. ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய் ஆலையில் மே 24-ந் தேதி தொழிலாளிகள் வேலையை விட்டு உட்கார்ந்தார்கள். ஆலை 5 நாள் மூடப்பட்டது. ஒரகடம் ரெனால்ட்-நிஸ்ஸான் ஆலைத் தொழிலாளர் சங்கத்தார் ஹைக்கோர்ட்டு ஏறி, மே 26 முதல் வேலைக்கு வரமாட்டோம் என்றார்கள். அங்கேயும் ஆலை நின்றது. இவர்கள் சோம்பேறிகளா? இல்லை; அத்தியாவசியம் என்ற பட்டத்தை வைத்துக்கொண்டு தங்கள் உயிரை அநாவசியமாக்குகிறார்கள் என்று கண்டு கொண்டவர்கள். பட்டம் காருக்குக் கொடுக்கப்பட்டது. காரைப் பூட்டுகிற மனிதனுக்கு அல்ல. நமது வழக்கின் சாரமெல்லாம் இதுதான். ஜாபிதாவில் உள்ளதெல்லாம் சரக்கின் பேர். மனிதனின் பேர் ஒன்றாவது இல்லை.

மூடுவதிலும் இதே கண்மூடித்தனம்தான். டாஸ்மாக் திறந்த அதே 2020 மே 7-ந் தேதி விடியற்காலையில், விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்து, ஊரில் தூங்கிக் கொண்டிருந்த ஜனங்களில் 12 பேர் மாண்டார்கள். ஊரடங்கில் நின்றிருந்த ஆலை அது. நின்றிருந்தாலும் தொட்டிக்குள் சரக்கு இருந்தது. அதன் சூட்டைப் பார்க்கவும் அடக்கவும் ஆளும் ஏற்பாடும் சரியாய் இருந்திருக்க வேண்டும். ஆகவே ஓடுகிற ஆலையைவிட மூடின ஆலைக்குக் காவலிருக்கிற தேர்ந்த தொழிலாளி சில சமயம் அதிக அத்தியாவசியம். தொழிலின் பேரை மட்டும் எழுதிப் பூட்டுப் போடுகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? உலையருகில் நின்றவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

நிற்க. நம்முடைய பள்ளிப்பட்டுக்கு வருவோம்.

இது ஆந்திர எல்லையை ஒட்டிய தாலுகா. 1960-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி வரையில் திருத்தணியோடு சேர்ந்து சித்தூர் ஜில்லாவில் இருந்த பூமி. ஆகையால் இங்கே வீட்டுக்குள் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுகிறவர் அநேகர். பெண் கொடுத்ததும் எடுத்ததும் நகரியில், சந்தை அங்கே, ஆஸ்பத்திரி சிலருக்கு அங்கே. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை என்று சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம் பிழைப்பு தறி. ஊரடங்கு வந்ததும் எல்லையில் சோதனைச் சாவடி இறுகியது. (பக்கத்து வேலூர் ஜில்லாவிலோ 2020 ஏப்ரலில் அதிகாரிகள் சித்தூர் போகிற ரோட்டின் குறுக்கே ஹாலோபிளாக் கல்லால் சுவரே எழுப்பி, ஊர் சிரித்த பிறகு இடித்தார்கள். கொரோனாக் கிருமி ரோட்டு வழியாகத்தான் நடந்து வரும், வயல் வரப்பு அதற்குத் தெரியாது என்று நினைத்தார்கள் போலும்!)

தறிக்காரன் கதையைக் கேளுங்கள். அவன் தறி இருப்பது அவன் வீட்டிலேயே. வீட்டுக்குள் இரு என்றால் இருப்பதற்கு அவனைப் போல் சௌகரியமானவன் ஒருவனுமில்லை. புருஷன் தறியில், பெண்சாதி நூல் சுற்ற, கிழவி பக்கத்தில். வெளியார் வாசல் மிதிக்க வேண்டியதில்லை. இப்படியிருந்தும் அவன் தறி நின்றது. ஏன்? துணிக்கடை அத்தியாவசியமல்ல, ஆகவே மூடல். துணி விற்காததால் மாஸ்டர் வீவருக்குப் பணமில்லை. நூல் வருகிற லாரி இல்லை. பாவு தீர்ந்ததும் நாடா ஓய்ந்தது. ஒரு கான்ஸ்டேபிளும் அவன் வீட்டுக்கு வந்து தறியைப் பூட்டவில்லை. எங்கேயோ ஒரு ஜாபிதாவில் “துணி” என்ற ஒரு சொல் விட்டுப்போனதே போதுமானதாயிருந்தது.

அவனோ நாள் கூலிக்காரனிலும் கேடு. நெய்த அளவுக்குத்தான் கூலி. நெய்யாத நாளுக்கு ஒரு பைசாவுமில்லை. முன்பணம் வாங்கியிருந்தால் அது மட்டும் அப்படியே நிற்கும். ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாயும் அரிசி பருப்பும் 2020 ஏப்ரலில் சர்க்கார் கொடுத்தது. கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. 5 பேர் உள்ள குடும்பத்தில் ஆயிரம் ரூபாய் எத்தனை நாளைக்கு என்பதை, உத்தரவுக்குக் கையெழுத்துப் போட்ட உத்தியோகஸ்தர் வீட்டுச் சமையற்காரரைக் கேட்டால் கணக்குச் சொல்வார்.

இதிலுள்ள வேடிக்கையைப் பாருங்கள். 2020 மார்ச்சு 13-ந் தேதியே முகக்கவசத்தை அத்தியாவசியப் பொருள் என்று மத்திய சர்க்கார் அறிவித்தாய்விட்டது. செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் முகக்கவசம் இல்லாமல் வெளியே வந்தால் 200 ரூபாய் அபராதம். ஏழைகள் கட்டினது டாக்டர் கட்டுகிற கவசமல்ல; மடித்துத் தைத்த துணிதான். சிலர் துண்டு, பெண்கள் முந்தானை. ஆக, முகத்தில் துணியில்லாவிட்டால் குற்றம். ஆனால் துணி நெய்கிற தொழில் அநாவசியம்! தேவை அத்தியாவசியம், தேவையைச் செய்கிறவன் மாத்திரம் அநாவசியம் என்கிற இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதல்ல. செருப்பு வேண்டும், செருப்புத் தைப்பவன் தெருவுக்குள் வரக்கூடாது. வெளுத்த வேஷ்டி வேண்டும், வெளுப்பவன் திண்ணையில் உட்காரக்கூடாது. பிரசவம் பார்க்க வேண்டும், பார்த்தவளைத் தொட்டால் தீட்டு என்று காலங்காலமாய் நடத்தி வந்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் எழுதுகிற ஜாபிதா வேறு எப்படி இருக்கும்? வைத்தியருக்கேகூட இதுதான் கதி. 2020 ஏப்ரலில் கொரோனாவில் மாண்ட ஒரு டாக்டரின் பிரேதத்தைச் சென்னையில் புதைக்கவிடாமல் கும்பல் கல்லெறிந்ததே! கை அத்தியாவசியம், ஆள் அல்ல.

மூடின ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது என்று உள்நாட்டு மந்திரி காரியாலயம் 2020 மார்ச்சு 29-ந் தேதி ஓர் உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஊரடங்கு மே 31 வரையில் நீட்டப்பட்டபோது, அந்தச் சம்பள உத்தரவு மட்டும் மே 18 முதல் சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. ஜூன் 12-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், முதலாளியும் தொழிலாளியும் கலந்து பேசிக்கொள்ளட்டும் என்றார்கள். பசித்தவனும் உண்டவனும் கலந்து பேசுவதில் யாருக்கு அவசரம் இருக்கும் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை. நமது திருவள்ளூர் ஜில்லாவிலேயே அந்த மே மாதத்தில், எங்களை ஊருக்கு அனுப்பு என்று கேட்ட ஒடிசாக்காரர்களுக்குச் செங்கல் சூளையில் அடி விழுந்து, பிறகு அதிகாரிகள் வந்து மீட்டு ரயிலேற்ற வேண்டியிருந்தது. சூளைக்காரருக்கு அவர்கள் கை அவசியம். அவர்கள் வீடு போய்ச் சேருவது அவசியமில்லை.

சரி, ஜாபிதாவில் இடம் கிடைத்தவர்கள் என்ன சுகம் கண்டார்கள்? முதல் நாள் முதல் மணியிலிருந்து அத்தியாவசியம் என்று எழுதப்பட்டவர்கள் துப்புரவுத் தோழர்கள். ஊரே கதவடைத்தபோது நோயாளி வீட்டுக் குப்பையை எடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்காக மார்ச்சு 22-ந் தேதி மாலையில் தட்டுத் தட்டினார்கள். மே 3-ந் தேதி ஆஸ்பத்திரிகளின் மேல் ஆகாய விமானத்திலிருந்து பூத் தூவினார்கள். அந்தப் பூவையும் மறுநாள் கூட்டினது யார்? துப்புரவுப் பணியாளர் என்ற பேரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். முன்களப் பணியாளர் என்று மாலையும் போட்டார்கள். பேர் மாறியது, மாலை வாடியது, வேலை நிரந்தரமாகவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னையில் இரண்டு மண்டலங்களின் துப்புரவு தனியார் கம்பெனிக்கு விடப்பட்டது. கூலி குறையும், வேலை நிலைக்காது என்று சொல்லி அந்தத் தோழர்கள், பெண்களே பெரும்பாலோர், ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். ஹைக்கோர்ட்டு உத்தரவைக் காட்டி, ஆகஸ்டு 13-ந் தேதி நடுநிசியில் போலீசார் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். மறுநாள் மந்திரிசபை கூடி அவர்களுக்குக் காலைச் சிற்றுண்டி இலவசம் என்றது. கேட்டது வேலை, கிடைத்தது சிற்றுண்டி.

இது ஒரு கட்சியின் குற்றமுமல்ல. 2003 ஜூலையில் வேலை நிறுத்தம் செய்த சர்க்கார் ஊழியர் சுமார் 1,70,000 பேரை அந்நாளைய சர்க்கார் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியது எந்தச் சட்டத்தைக் கொண்டு? “அத்தியாவசியப் பணி” பராமரிப்புச் சட்டத்தைக் கொண்டு. அதாவது இந்தச் சொல்லுக்குச் சர்க்கார் அகராதியில் ஒரே அர்த்தம்தான் உண்டு: நீ நிறுத்தக்கூடாது. அவசியமானவன் ஆகையால் உனக்கு அதிகம் கொடுக்கிறேன் என்ற அர்த்தம் இதுவரையில் எந்த உத்தரவிலும் ஏறவில்லை. இப்போது இன்னும் ஒரு படி போயிருக்கிறார்கள். 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தின்படி, ரயில், தண்ணீர், மின்சாரம் போன்ற பொது உபயோகத் தொழில்களில் மாத்திரம் வேலை நிறுத்தத்துக்கு முன்கூட்டி நோட்டீஸ் வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21-ந் தேதி அமுலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படியோ எந்த ஆலையானாலும் 14 நாள் நோட்டீஸ் வேண்டும். பொம்மை செய்கிற ஆலையும் இனி, வேலை நிறுத்தத்தின் மட்டுக்கும், தண்ணீர்க் குழாயைப் போல் அத்தியாவசியம்! பொம்மை ஆலைத் தொழிலாளிக்கு அதற்காக ஒரு காலணா கூடினதா என்று கேட்கின்றோம்.

இன்று கொரோனா அடங்கிவிட்டதே, இதையெல்லாம் ஏன் கிளற வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இன்னொரு நோய் வராது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. வருகிற நாளில் மறுபடியும் 4 மணி நேர அவகாசத்தில் ஒரு ஜாபிதா வரும். அதை எழுதுகிறவர்களுக்கு நாம் சொல்லுவது கஷ்டமான சாஸ்திரமல்ல. இந்த வேலை நின்றால் எத்தனை நாளில் யார் சாவார் என்று முதலில் கேளுங்கள். பால் நின்றால் குழந்தைக்கு ஒரு நாள். டயாலிசிஸ் நின்றால் நோயாளிக்குச் சில நாள். குப்பை நின்றால் ஊருக்கு ஒரு வாரம். கார் நின்றால் ஒருவருமில்லை. மது நின்றால் ஆஸ்பத்திரியில் படுக்கை போடுங்கள். அதே கேள்வியைத் திருப்பி, இந்த வேலையை மூடினால் இதைச் செய்கிறவன் வீட்டில் எத்தனை நாளில் அடுப்பு அணையும் என்றும் கேளுங்கள். தறிக்கு ஒரு வாரம். முடிதிருத்தும் கடைக்கு 3 நாள். அந்த நாள் கணக்குப்படி பணமும், மூடுகிற உத்தரவும் ஒரே காகிதத்தில் வரட்டும். பூட்டு முதலில், பணம் பிறகு யோசிப்போம் என்பது வேண்டாம். திறந்து வைக்கிற வேலையைச் செய்பவனுக்கு இரட்டைக் கூலியும், அவன் மாண்டால் குடும்பத்துக்கு என்ன தொகை என்பதும் அதே காகிதத்தில் எழுதப்பட வேண்டும். அதற்குப் பணமேது என்பார்கள். 2020 மே 7-ந் தேதி ஒரே நாளில் 170 கோடி எங்கிருந்து வந்தது?

2020 மே மாதத்தில், நாடு எப்படித் தலைதூக்குவது என்று யோசனை சொல்ல, ரிசர்வ் பாங்கியின் முன்னாள் கவர்னர் திரு. சி. ரங்கராஜன் தலைமையில் தமிழ்நாடு சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. அறிவாளிகள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், தொழிலதிபர்கள் இருந்தார்கள். துடைப்பம் பிடித்தவர் ஒருவருமில்லை. தறியில் உட்கார்ந்தவர் ஒருவருமில்லை. அடுத்த கமிட்டியில் பாதி நாற்காலி இவர்களுக்கு என்று இப்போதே, நோயில்லாத இந்த நாளிலேயே, உத்தரவு போடட்டும். திருவள்ளூர் ஜில்லாவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் பொதட்டூர்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டியிலும் எத்தனை பேர் வேண்டுமென்றாலும் இருக்கிறார்கள். கூப்பிட்டால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவார்கள். அந்த ஒரு நாள் கூலியையும் கமிட்டிக்காரருக்குக் கொடுக்கிற படியைப் போல் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும்.